சட்டக்கல்லூரி நுழைவுத் தேர்வும் அளவைப் பயிற்சியும்

சட்டம் பயில விழையும் மாணவனிடத்து முதற்கண் வேண்டப்படுவது சட்டநூலறிவன்று. கூறப்பட்டவற்றினின்று கொள்ளத்தக்க முடிபு யாது, கொள்ளத்தகாதது யாது எனப் பிரித்தறியும் ஆற்றலே வேண்டப்படுவதாகும். இவ்வாற்றலைச் சோதித்தற்பொருட்டு வட அமெரிக்காவிலே 1948ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்றுவருவது எல்சற் எனப்படும் நுழைவுத் தேர்வு. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டம் பயிலப் புகுவோர் பலர் இதற்குத் தோற்றுகின்றனர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், புள்ளி வழங்கப்படும் மூன்று பகுதிகளுள் இரண்டு, வாதங்களை ஆராயும் அளவை வினாக்களாலேயே அமைந்துள்ளன. ஒரு பகுதிக்கு 35 நிமிடம். அதனுள் ஏறத்தாழ 25 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடந்தானும் இல்லை.

இத்தேர்வுக்கு ஆயத்தஞ் செய்வோர் பலர், பழைய வினாத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து, புள்ளியைக் கணக்கிட்டு, அடுத்த தாளுக்குச் செல்கின்றனர். முப்பது தாள்கள் செய்தும் புள்ளி உயரவில்லையே என வருந்துவோரும் உளர். காரணம் வெளிப்படை. பிழையான வழியிற் பலமுறை நடந்தால் அவ்வழியே பழகிப்போகும். எத்தனை வினாக்கள் செய்தோம் என்பதன்று, பிழைத்த இடத்தில் எதனால் மயங்கினோம் என்பதை அறிந்தோமா என்பதே பயனைத் தீர்மானிப்பது.

வினாவை அணுகும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். “நகரசபையார் ஒரு சந்தியிலே மின்விளக்குகள் பொருத்தினர். அடுத்த ஆண்டில் அங்கு விபத்துக்கள் குறைந்தன. ஆகவே விளக்குகளே விபத்துக்களைக் குறைத்தன.” இவ்வாதத்தை வலிகுன்றச் செய்வது யாது என்பது வினா எனக் கொள்வோம்.

முதலிற் செய்யவேண்டுவது முடிபை இனங்காணல். ஈண்டு “ஆகவே” என்னுஞ் சொல் அதனைக் காட்டுகின்றது. ஆயின் முடிபு எப்பொழுதும் இறுதியில் வருவதன்று. முடிபை முன்னே கூறி, “ஏனெனில்” எனத் தொடங்கி எடுகூற்றுக்களைப் பின்னே நிறுத்தலும் உண்டு.

இரண்டாவது, விடைகளைப் பாராமுன்னரே எடுகூற்றுக்கும் முடிபுக்கும் இடையேயுள்ள வெளியைக் காணல். விபத்துக் குறைந்தமை எடுகூற்று. அதற்கு விளக்கே காரணம் என்பது முடிபு. ஒன்றன்பின் மற்றொன்று நிகழ்ந்தமையால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. வேறு காரணம் இல்லை என்னும் எடுகோள் இடையே சொல்லாது விடப்பட்டுள்ளது.

மூன்றாவது, வினவப்பட்டதை எவ்விடை செய்கின்றது என நோக்கல். “விளக்குகளுக்குப் பெரும்பணம் செலவாயிற்று” என்பது உண்மையாகலாம். ஆயின் முடிபை அது தீண்டவில்லை. “அவ்வாண்டிலேயே பாரவண்டிகள் வேறு வீதியாற் செல்லப் பணிக்கப்பட்டன” என்பது வேறொரு காரணத்தைக் காட்டி, வாதத்தைத் தளர்த்துகின்றது. இதுவே விடை.

வாதத்துக்கு இன்றியமையாத எடுகோள் யாது என வினவப்படின், ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்த்தல் நன்று. எதனை மறுத்தால் வாதம் நிலைகுலையுமோ அதுவே அவ்வெடுகோள்.

மாணவர் பெரிதும் இடறும் வேறோரிடம் உண்டு. “சித்தியடைந்தோர் அனைவரும் நாடோறும் படித்தவர்கள். முருகன் நாடோறும் படித்தான். ஆகவே அவன் சித்தியடைந்திருப்பான்” என்பது போன்ற வாதங்களை விரைவில் ஒப்புக்கொண்டுவிடுகின்றனர். இது எமக்குப் புதிதன்று. அன்னம்பட்டர் இயற்றி, சிவஞான முனிவரால் தமிழாக்கப்பெற்ற தருக்கசங்கிரகம் இவ்விடரை அன்றே காட்டிற்று. புகை கண்டவிடத்து நெருப்பை அனுமானித்தல் பொருந்தும். நெருப்புக் கண்டவிடத்துப் புகையை அனுமானித்தல் பொருந்தாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் நெருப்புண்டு, புகையில்லை. புகைக்கு ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். புகையிருத்தல் நெருப்புண்மைக்குப் போதிய சான்று. நெருப்போ புகைக்கு இன்றியமையாததேயன்றிப் போதியதன்று. இவ்விரண்டையும் வேறுபிரிக்கப் பழகிய மாணவன் அத்தகைய வினாக்களிற் பெரும்பாலும் பிழைபடான்.

இவையெல்லாம் பரீட்சைப் புதிர்களே எனக் கருதுவார்க்கு ஒரு வழக்கை நினைவூட்டுவாம். இங்கிலாந்திலே சலி கிளார்க் என்னும் பெண்மணி தம் இரு குழந்தைகளையும் கொன்றாரென 1999இல் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றார். அவரும் ஒரு சட்டத்தரணியே. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணந் தெரியாது திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று எனவும், இரு குழந்தைகள் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு, அவ்வெண்ணை அதனாலேயே பெருக்க, 7 கோடி 30 இலட்சத்தில் ஒன்று எனவும் வழக்கில் நிபுணரொருவர் சான்று பகர்ந்தார். பெருக்கலில் வழுவில்லை. ஆயின் இரு மரணங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்னும் எடுகோள் அதனுள் மறைந்து கிடந்தது. ஒரே பெற்றோர்க்குப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தைகட்குப் பரம்பரையும் சூழலும் பொதுவன்றோ? மேலும், ஒரு நிகழ்ச்சி அரிது என்பதனாலே குற்றம் நிகழ்ந்ததென்பது பெறப்படாது. தாயே இரு குழந்தைகளைக் கொல்லுதலும் அரிதேயாம். பிரித்தானிய அரச புள்ளிவிவரக் கழகம் 2001இல் இதனை எடுத்துக்காட்டிற்று. 2003இல் அவர் விடுதலை பெற்றார். வெளிப்படுத்தப்படாதிருந்த மருத்துவச் சான்றே விடுதலைக்கு முதற்காரணமாயினும், இக்கணக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2007இல் அவர் காலமானார். சொல்லப்படாத எடுகோளொன்றை உரிய காலத்தில் வினவாமையால் விளைந்த கேடு இத்துணைப் பெரிது.

ஆதலின் பயிற்சி செய்வோர் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் வேண்டும். வினாத்தாளை உரிய நேரத்துட் செய்தபின், சரியான விடைகளைப் பாராது, ஐயமுற்ற வினாக்களை நேரவரையறையின்றி மீளச் செய்க. அதன்பின் ஒப்புநோக்குக. நேரமிருந்தும் பிழைத்தவை விளக்கக் குறைவால் வந்தவை. நேரமிருந்தபோது திருந்தியவை விரைவால் வந்தவை. பிழைத்த ஒவ்வொன்றுக்கும், பொய்விடை எதனாற் கவர்ந்தது, மெய்விடையை எதனால் விலக்கினோம் என்பவற்றைச் சொந்தச் சொற்களில் ஒவ்வொரு வாக்கியமாக எழுதுக. சில வாரங்கள் கழித்து அவ்வினாக்களை மீண்டுஞ் செய்க. ஒரு மாதத்துட் தம் குறைகள் சிலவே என்பதும், அவையே மீண்டும் மீண்டும் வருகின்றன என்பதும் புலப்படும். முதலில் திருத்தம், பின்னரே விரைவு. எல்சற் தேர்விலே பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லையாதலின், நேரம் முடியுமுன் எவ்வினாவையும் வெறிதே விடாதிருத்தலும் வேண்டும்.

எம் மாணவர் உயர்தர வகுப்பிற் கற்கும் அளவையியல் ஏட்டளவில் நின்றுவிடலாகாது. செய்தித்தாளைப் படிக்கும்போதும் மேடைப்பேச்சைக் கேட்கும்போதும், முடிபு யாது, எடுகூற்று யாது, இடையே மறைந்திருப்பது யாது என வினவிப் பழகுவார்களாக. நாளை நீதிமன்றிலே பிறருடைய உயிரும் மானமும் அவர்கள் கையில் ஒப்படைக்கப்படும்போது, அப்பழக்கமே துணைநிற்கும்.