சாலையில் மனம் – 9: லோரிக்குப் பின்னால் நான்கரை நிமிடம்

அலோர் காஜாவைத் தாண்டி காடேக், தெபோங் தோட்டப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய சங்கடம். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. சாலை நடுவே இரட்டைக் கோடு. பின்னால் வருகிற கார் ஒட்டிக்கொண்டு விளக்கடிக்கிறது. தாடை இறுகுகிறது, எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று கால் பரபரக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோமீட்டர் தூரத்தை 80 வேகத்தில் கடந்தால் ஏழரை நிமிடம். லோரிக்குப் பின்னாலேயே 50-இல் போனால் 12 நிமிடம். இந்த நான்கரை நிமிடத்தை மிச்சப்படுத்தத்தான் வளைவில் வலப்பக்கம் ஏறுகிறோம், எதிரே வருவது யாரென்று தெரியாமலே.

எதிரே வருவது மோட்டார் சைக்கிளாக இருந்தால்? 2023-இல் மலேசியச் சாலைகளில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த நாட்டில் சாலையில் உயிர் விடுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பல தோட்டங்கள் கைமாறி லயன் வீடுகள் காலியான பிறகு, நம் பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ, செங் தொழிற்பேட்டைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். போக வர மோட்டார்தான். இரவு வேலை முடிந்து கண் எரிய வீடு திரும்பும் பிள்ளையைச் சுற்றி ஒரு தகரம்கூட இல்லை. நம் ஆத்திரம் முதலில் போய் மோதுவது அவன் மீதுதான்.

2022-இல் மறைந்த வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான், சிவப்பு விளக்கைத் தியான மணியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். விளக்கு விழுந்ததும் சாய்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். செய்து பாருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயத் துடிப்பு தணியும். உடம்பின் இயல்பு அது. கண்ணை மூடக்கூடாது. தோளை இறக்கி, தாடையைத் தளர்த்தி, கண்ணாடியைப் பார்த்தபடியே செய்யலாம். வார இறுதியில் ஜோங்கர் தெருப் பக்கம் மாட்டிக்கொண்டால் இதற்கு நிறையவே நேரம் கிடைக்கும். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் ஜாலான் துக்காங் எமாஸ் போன்ற தெருக்கள் கார் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அங்கே ஹாரன் அடித்து எதுவும் நகரப் போவதில்லை.

நெடுஞ்சாலையில் மனம் கெடுவது வேறு விதம். சிம்பாங் அம்பாட்டுக்கும் ஆயர் குரோவுக்கும் நடுவே 110-இல் ஓடும் கார் நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகும் காருக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு நொடி, அதாவது 60 மீட்டர் இடைவெளி வேண்டும். விட்ட இடைவெளியில் ஒருவர் புகுந்துவிட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறோம், விரட்டுகிறோம். அவருக்கு வழிவிட்டு மறுபடி இரண்டு நொடி பின்தங்குவதுதான் சரி. தீபாவளிக் கூட்டத்தில் 20 கார்கள் அப்படிப் புகுந்தாலும் நாம் இழப்பது 40 நொடி.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தொழிற்பேட்டைச் சாலைகளில் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடப்பக்கம் திரும்புமுன் சிக்னல் போடுங்கள், கண்ணாடியை இன்னொரு முறை பாருங்கள், மோட்டார் கடந்து போகட்டும். பிறகு திரும்புங்கள்.

(தொடரும்)