பாகம் பிரித்த வீட்டில் எர்த்

வீட்டுக்குள் மின்சாரம் – 11

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பழைய நெசவாளர் வீடுகள் அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். வாசலில் திண்ணை, நடுவில் தறி, பின்கட்டில் கிணறு. அப்பா காலத்தில் ஒரே சர்வீஸ்தான். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததும் நடுவில் சுவர் எழும்புகிறது, வாசலில் மீட்டர் மூன்றாகிறது. கைத்தறிக்கான இலவச மின்சாரம் 2023-ல் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆனது எல்லோருக்கும் மனப்பாடம். மீட்டருக்குப் பின்னால் எர்த் கம்பி எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வராது.

கேட்க வேண்டிய ஊர் இது. குழித்தறியில் நெய்பவர் வெறுங்காலை மண்ணுக்குள் இறக்கி உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியைத் தூக்க இப்போது பல வீடுகளில் மோட்டார் வந்துவிட்டது. மோட்டாரின் உடம்பில் கசிவு ஏற்பட்டால், மின்சாரம் மண்ணுக்குப் போக அவரே வழியாகிவிடுவார்.

எர்த் இருந்தால் எம்சிபி விழுந்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்சிபி அதற்கெல்லாம் உடனே விழாது. அதுவரை மோட்டார் உடம்பில் 200 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒவ்வொரு போர்டிலும் வேண்டும் என்பது இதனால்தான்.

அண்ணன் ஒரு குழி, தம்பி ஒரு குழி என்று தனித்தனியாக வெட்டி, சேர்க்காமல் விடுவது இன்னொரு தப்பு. அண்ணன் பக்கத்து கிரைண்டரில் கசிவு. தம்பியின் ஃப்ரிட்ஜில் ஒன்றுமில்லை. பொது நடையில் ஒருவர் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் வித்தியாசம் முழுவதும் அவர் உடம்பில். குழிகள் எத்தனை இருந்தாலும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்கிறது எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043. ஆனால் ஆர்சிசிபி இல்லாமல் இணைத்தால் அண்ணன் வீட்டுக் கசிவு தம்பி வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வந்து சேரும். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன வீடுகளில் இதற்குச் சம்மதம் வாங்குவதுதான் வயர்மேனுக்குப் பெரிய வேலை.

நியூட்ரல் விஷயம் நேர் எதிர். அந்தந்த மீட்டரின் நியூட்ரல் அந்தந்தப் போர்டோடு நிற்க வேண்டும். பழைய வயரிங்கில் மாடிப்படி விளக்குக்கு பேஸ் அண்ணனிடமிருந்தும் நியூட்ரல் தம்பியிடமிருந்தும் வரும். ஸ்விட்சைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். "மிஷின் சரியில்லை சார்" என்று அதைக் கழற்றிவிட்டு நேராகக் கம்பி கொடுப்பவர்கள் உண்டு. அதைவிட மோசம், எர்த் கிடைக்காத இடத்தில் ப்ளக்கின் எர்த் பின்னையும் நியூட்ரலையும் துண்டுக் கம்பியால் சேர்ப்பது. நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டரின் உடம்பே பேஸ் ஆகிவிடும்.

குழிக்கு 2.5 மீட்டருக்குக் குறையாத ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும். இரண்டு குழி என்றால் நடுவே பைப்பின் நீளத்தைப் போல இரு மடங்காவது இடைவெளி வேண்டும். நெருக்கமாக வைத்தால் இரண்டாவது குழியால் பெரிய பயனில்லை. இங்கே வீட்டின் நீளம் கைகொடுக்கிறது: ஒன்று வாசலில், ஒன்று கிணற்றடியில். ஏகாம்பரநாதர் மண் லிங்கம் என்பதால் அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான், லிங்கத்துக்குக் கிடையாது. எர்த் குழிக்கு அந்தச் சலுகை இல்லை, கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். மண் காய்ந்தால் தடை பல மடங்கு ஏறும். எர்த் டெஸ்டர் வைத்துச் சித்திரை வெயிலில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த அளவைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.