போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் போர் தண்ணீரில் துவைப்பவர்களுக்குத் தெரியும்: சோப்பு கரையும், நுரை வராது; பக்கெட்டில் திரிதிரியாக ஏதோ மிதக்கும். அது அழுக்கல்ல. நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்தது. இவை மிகுந்த நீரே கடின நீர்.

ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளைப் பொருக்கை ‘உப்பு’ என்கிறோம். சமையல் உப்புதானா? ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள், கரையாது. இன்னொன்றின் மேல் எலுமிச்சை பிழியுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி விடும். குமிழி கார்பன் டை ஆக்சைடு. பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கு. பைகார்பனேட்டாகக் கரைந்திருந்தது, சூடு பட்டதும் பிரிந்து படிகிறது.

அப்படியானால், கொதித்து ஆறிய நீரை வடிகட்டினால் நுரை கூட வேண்டும். கொதிக்காத நீரையும் அதே அளவு எடுத்து, இரண்டு பாட்டிலிலும் ஒரே எண்ணிக்கையில் சோப்புக் கரைசல் சொட்டுகள் விட்டுக் குலுக்குங்கள். (சோப்புதான், சோப்புத்தூள் கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும்.) நுரை கூடவில்லையா? சல்பேட், குளோரைடாக இருக்கும் கால்சியம் கொதித்தாலும் போகாது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. ஆர்.ஓ. விற்க வருபவர் நீட்டும் டிடிஎஸ் மீட்டர் இதைச் சொல்லாது. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து, எல்லா உப்பையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும்.