மரத்தைக் கீறு!



ஒரு வாப்பா தன் மகளின் சித்திரக் கொப்பியோடு என்னிடம் வந்தார். "மௌலவி, இவள் எந்நேரமும் படம் கீறுறாள். இது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார். உங்களில் பலருக்கும் இக்கேள்வி எழுந்திருக்கும்.

உருவப் படங்களை வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைக் கேட்டதும் அம்மனிதரின் முகம் வெளிறிப் போயிற்று. தொழிலை விட முடியாதென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவருக்கு வழிகாட்டினார்கள். கதவை அடைக்கவில்லை, தோட்டத்தின் பக்கம் திறந்துவிட்டார்கள்!

திமிஷ்க் நகரின் உமையாப் பெரிய பள்ளிவாசலைப் பாருங்கள். கலீபா வலீத் அதனைக் கி.பி. 706 முதல் 715 வரையான காலத்தில் கட்டுவித்தார். முற்றத்துச் சுவரில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஓர் ஆற்றையும், கரையோர மரங்களையும், மாளிகைகளையும் அமைத்தார்கள். அது 30 மீற்றருக்கும் கூடிய நீளமானது. மனிதரில்லை, மிருகமில்லை. சுதையின் கீழ் நெடுங்காலம் மறைந்துகிடந்த அந்த ஆறு, 1920களின் இறுதியில்தான் மீண்டும் வெளிப்பட்டது. சுவனத்து ஆறு என்போர் உண்டு, திமிஷ்க்கின் பரதா ஆறு என்போரும் உண்டு. தம்மூர் ஆற்றைப் பார்த்துத்தான் சுவனத்தைக் கற்பனை செய்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பரதாவின் இன்றைய நிலை என்ன? கிணறுகள் நீரை உறிஞ்ச, தொழிற்சாலைகளும் தோல் பதனிடும் இடங்களும் கழிவைச் சேர்க்க, கோடையில் பல இடங்களில் அது நாற்றமெடுக்கும் வாய்க்கால். அது போய்ச் சேர்ந்த உதைபா ஏரி வற்றிவிட்டது. கூத்தாவின் கனித்தோட்டங்களில் பெரும் பகுதி வீடுகளாகிவிட்டது. யுத்தமும் சேர்ந்துகொண்டது. சுவரில் ஆறு பசுமையாக ஓடுகிறது, வெளியில் இல்லை!

இனி அந்தக் கொப்பிக்கு வருவோம். எல்லாப் பக்கங்களிலும் இரண்டு மலை, நடுவே சூரியன். எங்களூரில் மலையே கிடையாது! "மகள், கண்ணால் கண்டதைக் கீறிக்கொண்டு வாங்க" என்றேன். உங்கள் பிள்ளைகளையும் இப்படித் தாளும் பென்சிலுமாக வெளியே அனுப்பிப் பாருங்கள். ஒரு மரத்தைக் கீற வேண்டுமென்றால் அரைமணி நேரமாவது அதை உற்றுப் பார்த்தாக வேண்டுமே.

அடுத்த கிழமை தோணாவைக் கீறி வந்தாள். கண்டல் மரங்களின் வேர்கள் அச்சொட்டாக இருந்தன. வேர்களுக்கிடையே வெள்ளையும் சிவப்புமாகச் சிக்கிக் கிடந்தவற்றைக் காட்டி என்னவென்று கேட்டேன். "சொப்பிங் பைகள், மௌலவி. கண்டதைத்தானே கீறச் சொன்னீங்க?"

ஒரு பையில் கடையொன்றின் பெயரையும் எழுதியிருந்தாள். அது வாப்பாவின் கடை. அவர் என்னிடம் மார்க்கத் தீர்ப்பு எதுவும் கேட்கவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி இருந்தார்.