உண்ணிச்செடியை வீட்டில் வளர்க்கலாமா?

உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த முட்புதர். 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்டது. இன்று இந்தியக் காடுகளை மிக அதிகமாக ஆக்கிரமித்திருக்கும் அயல் தாவரங்களுள் ஒன்று. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் சிறுமலை அடிவாரத்திலும் கரட்டு ஓரங்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கிறது. நர்சரிகளில் ‘லேண்டனா’ என்று விற்பவை பெரும்பாலும் இதன் கலப்பு வகைகளே.

மஞ்சளாக விரியும் பூ நாளாக ஆகச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறுவதால் ஒரே கொத்தில் பல நிறம் தெரியும். தேன் குடிக்கப் பட்டாம்பூச்சிகளும் வரும். தொட்டிச்செடியாக இதை வாங்குவோரைக் கவர்வது இந்த அழகுதான். கெடுதல் இலையிலும் பழுக்காத காயிலும் இருக்கிறது. அவற்றிலுள்ள லேண்டடீன் என்னும் நச்சு கல்லீரலைத் தாக்கும். நல்ல தீவனம் இருக்கும்வரை மாடு இதைத் தொடாது. கோடையில் மேய்ச்சல் காய்ந்ததும் கடித்துவிடும். அசைபோடுவது நிற்கும், மலம் கட்டும், கண்ணும் ஈறும் மஞ்சளாகும். வெயில் பட்ட தோல், குறிப்பாக வெள்ளை நிறப் பகுதி, வெடித்துப் புண்ணாகும். இரைப்பையில் தங்கிய தழையிலிருந்து நஞ்சு தொடர்ந்து உடலில் ஏறுவதால், அறிகுறி கண்ட உடனேயே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆட்டுக்கும் இதே ஆபத்து உண்டு. வெட்டிய கிளைகளைத் தெருவோரம் எறிவதும் தவறு.

வீட்டுச் செடி வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை. கருத்துப் பழுத்த பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவியும் மைனாவும் விதைகளை மரத்தடியிலும் மலையிலும் எச்சத்தோடு போடுகின்றன. முளைத்த புதர், அடியில் புல்லையும் மரக்கன்றையும் வளரவிடாது. காய்ந்த குச்சிகள் கோடையில் காட்டுத்தீக்கு எரிபொருளாகின்றன. ‘விதை பிடிக்காத ரகம்’ என்ற உறுதியையும் முழுதாக நம்ப முடியாது. அவற்றில் சில மகரந்தம் தந்து காட்டுச் செடியோடு கலக்கின்றன.

வெட்டினாலும் எரித்தாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஐப்பசி மழையில் மண் இளகியிருக்கும்போது, காய் பிடிக்கும் முன்பே, வேர்க்கட்டையோடு தோண்டியெடுத்துத் தலைகீழாகக் காயவிட வேண்டும். பறவை அமரும் மரங்களின் அடியில் அடுத்த மழைக்கும் நாற்றுகள் முளைக்கும். அவற்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் வெட்சி போதும், வேலிக்கு நொச்சி இருக்கிறது. திண்டுக்கல்லில் தோட்டம் போடுவோர் லேண்டனாவை வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் இந்த மழைக்கே பிடுங்கிவிடுங்கள்.