பாக்கி கேட்கும் மெயிலில் எந்தச் சொல்லுக்குப் பணம் வருகிறது?

நாகர்கோவில் கோட்டாறு கம்போளச் சந்தையில் மொத்த வியாபாரம் பார்க்கிறவர்களுக்குச் சரக்கு விற்பது பெரிய காரியமில்லை. விற்ற சரக்குக்குப் பணம் வாங்குவதுதான் காரியம். முன்பு அதற்குத் தபால் கார்டு இருந்தது: மேலே பிள்ளையார் சுழி, இரண்டு வரி நலம் விசாரிப்பு, ‘நிற்க’ என்று ஒரு சொல், அதற்குப் பிறகு பாக்கித் தொகை. அப்புறம் டெலிபோன் வந்தது. இப்போது பில், ஜிஎஸ்டி, ஆடிட்டர் எல்லாம் மெயிலில் ஓடுவதால் பாக்கியும் மெயிலிலேயே கேட்கப்படுகிறது. கணக்குப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் பி.காம். முடித்த பையனோ பெண்ணோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் நிறைய. மனதை மயக்கும் நூறு சொற்கள், வாடிக்கையாளரை அசைக்கும் ஐம்பது வாக்கியங்கள் என்று பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. ‘உடனடி’, ‘பிரத்தியேக’, ‘உறுதி’, ‘கடைசி வாய்ப்பு’ போன்றவை எல்லாப் பட்டியலிலும் இருக்கும். இந்தச் சொற்களுக்கு நிஜமாகவே சக்தி உண்டா? உளவியலாளர்கள் இதை ஐம்பது வருடமாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். கிடைத்த விடைகள் பட்டியல் போடுகிறவர்களுக்குச் சாதகமாக இல்லை.

அதிகம் பேசப்படும் சோதனை 1978-ல் வெளியானது. எல்லன் லாங்கரும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களிடம் ஆளை அனுப்பி, “ஐந்து பக்கம் இருக்கிறது, நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்க வைத்தார்கள். 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். “அவசரமாகப் போகணும், அதனால்” என்று காரணம் சேர்த்தபோது அது 94 ஆனது. வேடிக்கை மூன்றாவது கேள்வியில் இருந்தது: “ஜெராக்ஸ் எடுக்கணும், அதனால் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?” அங்கே நிற்கிற எல்லாரும் ஜெராக்ஸ் எடுக்கத்தான் நிற்கிறார்கள். ஆனாலும் 93 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். காரணம் மாதிரி காதில் விழுந்தாலே போதும் போலிருக்கிறது.

விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் கதை இத்தோடு முடிந்துவிடும். ‘ஏனென்றால்’ என்று போடுங்கள், காரியம் நடக்கும் என்பார்கள். அதே ஆய்வின் அடுத்த பாதியை யாரும் வாசிப்பதில்லை என்று நினைக்கிறேன். ஐந்து பக்கத்தை இருபது ஆக்கியதும் நிலைமை மாறிவிட்டது. காரணமே இல்லாமல் கேட்டால் 24 சதவீதம், வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, நிஜக் காரணத்துக்கு 42. கேட்பது சின்னதாக இருக்கும்வரை மனம் யோசிக்காமல் தலையாட்டுகிறது. பெரிதானதும் விழித்துக்கொண்டு காரணத்தை எடை போடுகிறது. பாக்கி என்பது இருபது பக்க வகை. அங்கே அலங்காரம் செல்லாது.

கம்போளத்தில் போனில் பாக்கி கேட்கிற முறை எப்படி? “அண்ணாச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பாதியாவது போட்டு விடுங்க. எனக்கும் சரக்குக்காரனுக்குக் குடுக்கணும்லா?” இரண்டே வாக்கியம்தான். நாள் இருக்கிறது, அளவு இருக்கிறது, நிஜமான காரணம் இருக்கிறது, பாதி தந்தால் போதும் என்ற சலுகையும் இருக்கிறது. லாங்கரின் கட்டுரையைப் படிக்காதவர்கள் பேசுகிற பேச்சு இது. மெயில் அடிக்க உட்கார்ந்ததும் இது எங்கே ஓடிப்போகிறது என்பதுதான் புரியவில்லை.

எழுத்தில் சொல்லை மாற்றினால் பணம் வருமா என்பதைப் பெரிய அளவில் பார்த்தவர்கள் பிரிட்டன் வரித்துறையினர். 2011-ல் வரி கட்டாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு விதவிதமான வாசகங்களோடு நினைவூட்டுக் கடிதம் போனது. பத்தில் ஒன்பது பேர் சரியான நேரத்தில் கட்டிவிடுகிறார்கள், கட்டாத சிறு கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்ற பொருளில் எழுதியதுதான் முதலிடம் பிடித்தது. வழக்கமான கடிதத்தைவிட இதைப் பெற்றவர்களில் கூடுதலாக 5.1 சதவீதப் புள்ளி பேர் 23 நாளுக்குள் கட்டினார்கள். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஒரு லட்சம் கடிதத்தில் அது ஐயாயிரம் பேர்.

இதைத் தலைகீழாகச் செய்கிற வியாபாரிகள் உண்டு. “பலரும் பணம் தரத் தாமதிப்பதால் மிகவும் சிரமப்படுகிறோம்” என்று எழுதுவார்கள். இரக்கம் வரும் என்று எண்ணம். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்றில் இதைச் சோதித்தார். பல பேர் கல்மரத் துண்டுகளை எடுத்துப் போய்விட்டதால் பூங்கா சீரழிகிறது என்று பலகை வைத்தபோது சுமார் 8 சதவீதத் துண்டுகள் திருடு போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் எழுதிய பலகைக்குக் கீழே 2 சதவீதத்துக்கும் குறைவு. ஊரே எடுக்கிறது என்றால் நானும் எடுத்தால் என்ன என்று தோன்றிவிடுகிறது. ஊரே தாமதிக்கிறது என்று கடன்காரரிடம் சொல்வதும் அந்தப் பலகைதான்.

நம் நாட்டிலும் சமீபத்தில் ஒன்று நடந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 நவம்பரில், வெளிநாட்டுச் சொத்தைக் கணக்கில் காட்டாதவர்களுக்கு மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பியது. இயக்கத்துக்கு நட்ஜ் என்று பெயர். மெல்ல இடித்துச் சொல்வது. வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் இல்லாத தெரு குமரி மாவட்டத்தில் குறைவு என்பதால், இங்கேயும் சில வீடுகளில் அந்தச் செய்தி கலக்கத்தைக் கிளப்பியிருக்கலாம். 24,678 பேர் தாங்கள் தாக்கல் செய்த கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். 5,483 பேர் தாமதக் கணக்கு தாக்கல் செய்தார்கள். 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்து வெளியே வந்தது. அனுப்பியது வெறும் செய்தி. ஆனால் அதன் பலம் சொல்நயத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கணக்கைப் பற்றிய தகவல் எங்களிடம் வந்திருக்கிறது, திருத்த டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது என்ற இரண்டு விஷயங்கள்தான் வேலை செய்திருக்க வேண்டும். மறைத்தால் பத்து லட்சம் அபராதம் என்பதும் பின்னால் நின்றது.

அபராதம் போட முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு 2000-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று உதவும். குவெகனும் பாஸ்கலும் முன்பின் தெரியாதவர்களிடம் ஆளை அனுப்பிப் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்க வைத்தார்கள். பத்துப் பேரில் ஒருவர் கொடுத்தார். “தருவதும் தராததும் உங்கள் இஷ்டம்” என்று சேர்த்ததும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கொடுத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்போதும் கிடைக்கவில்லை. ஆனாலும் 2013-ல் 42 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பலன் இருப்பது உறுதியானது. மறுக்கும் உரிமையை விட்டுவைக்கிறவரிடம் மனிதர் முறைப்பதில்லை.

ஒரு மெயிலை எடுத்துப் பார்ப்போம். கோட்டாற்றில் கிராம்பு மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், கோயம்புத்தூர் மசாலா கம்பெனி ஒன்றிடம் பாக்கி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதனால் பெருமைக்குக் குறைவில்லை. வழக்கமான மெயில் இப்படி இருக்கும்: “மதிப்புமிக்க வாடிக்கையாளரே, எங்களது பிரத்தியேகத் தரம் வாய்ந்த கிராம்பைத் தேர்வு செய்தமைக்கு மனமார்ந்த நன்றி. நிலுவைத் தொகை குறித்துத் தங்கள் மேலான, உடனடிக் கவனத்தைக் கோருகிறோம். ஆவன செய்யவும்.” எவ்வளவு நிலுவை, எந்த பில், எப்போதைக்குள்? மூன்றுக்கும் பதில் இல்லை. கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர் பழைய பில்லைத் தேட வேண்டும். தேடுவதை நாளைக்குத் தள்ளுவார். மறுநாள் இன்னொரு மெயில் மேலே வந்து உட்காரும்.

போன் பேச்சை அப்படியே எழுத்தாக்கினால்: “செப்டம்பர் 3-ம் தேதி 40 கிலோ கிராம்பு அனுப்பினோம், பில் எண் 318. வரிசேர்த்து ரூ.37,800 பாக்கி. அடுத்த பறிப்புக்காக நவம்பர் 18-ம் தேதி தோட்டக்காரருக்கு முன்பணம் தர வேண்டும், அதனால் 15-ம் தேதிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். முழுத்தொகைக்குத் தோதுப்படாவிட்டால் பாதியை அனுப்பிவிட்டு மீதிக்கு ஒரு தேதி சொல்லுங்கள்.” இதில் மயக்கும் சொல் ஒன்றும் கிடையாது.

பாக்கி கேட்பவர் ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிற சிறு தயாரிப்பாளராக இருந்து, உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவும் இருந்தால் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம். 2006-ம் வருடத்துச் சிறுதொழில் சட்டப்படி அவருக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், தாண்டினால் வட்டிக்கு வட்டி உண்டு. வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது கம்போளத்துக்காரர்களுக்கு நியாயமான குறை.

தாராளமாக வாக்குக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மெயிலில் பேசி முடித்த பேரமே ஒப்பந்தமாகும் என்று 2010-ல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியலைப் பார்த்து ‘நூறு சதவீதம் உறுதி’ என்று அடித்தால் அது நாளைக்கு எதிர்க்கட்சி வக்கீல் கையில் இருக்கும்.

நகைச்சுவையும் ஆபத்து. 2005-ல் க்ரூகர், எப்லி முதலானோர் செய்த ஆய்வில், தங்கள் மெயிலில் உள்ள கிண்டல் முக்கால்வாசிக்கு மேல் படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்துகொண்டது 56 சதவீதம், ஏறக்குறையக் காசு சுண்டிப் போடுகிற கணக்கு. குரலில் சொன்னபோது இந்தச் சிக்கல் இல்லை. “என்ன அண்ணாச்சி, நம்மள மறந்துட்டேளா?” என்பதைப் போனில் சொன்னால் சிரிப்பு வரும். மெயிலில் படித்தால் குத்தலாகத் தெரியும்.

கடைசியாக 2017-ல் வந்த கணக்கு. ரொகானிசாதும் வனெஸ்ஸா போன்ஸும் 45 பேரைக் கொண்டு 450 அந்நியர்களிடம் ஒரு படிவம் நிரப்பித் தரக் கேட்டார்கள். நேரில் கேட்டது மெயிலைவிட 34 மடங்கு பலித்தது. மெயிலில் கேட்டவர்களோ தங்களுக்கும் அதே அளவு பலிக்கும் என்றுதான் எண்ணியிருந்தார்கள். இது அந்நியர்களுக்கான கணக்கு, பழகிய வியாபாரிகளிடையே இடைவெளி குறையலாம். என்றாலும் தொகை, தேதி, காரணம் மூன்றும் எழுதிய இரண்டு மெயிலுக்குப் பதில் இல்லையென்றால், மூன்றாவதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நாகர்கோவில் ஜங்ஷன் இருப்பது கோட்டாற்றில்தான், கோயம்புத்தூருக்கு அங்கிருந்து இரவு ரயில் இருக்கிறது.