பாதி பிரேக் போனால் சொல்லிவிடும் பித்தளைக் கட்டி!

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் ஜோக் ஒன்று உண்டு. ‘காருக்கு அடியில் ஆயில் சொட்டினால் கவலைப்படாதே. சொட்டுவது நின்றால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்!’ இன்ஜின் ஆயிலுக்கு இந்த ஜோக் சரி. சொட்டுவது பிரேக் ஆயில் என்றால் யாருக்கும் சிரிப்பு வராது.

‘டிரையம்ப் டி.ஆர்.6’ என்ற ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாராகி, 1969-ல் விற்பனைக்கு வந்து, 1976 வரை ஓடிய மாடல். இரண்டே சீட், 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், மடக்கிவைக்கும் துணிக்கூரை. தயாரானதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. அரை நூற்றாண்டு கடந்தும் இரு நாடுகளிலும் வீட்டு கராஜ்களில் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

இந்தக் காரின் இன்ஜின் அறையில், பிரேக் பைப்கள் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கட்டி இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதுதான் பிரேக் எச்சரிக்கை வால்வு.

இது வந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். அதற்கு முந்தைய பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். எங்கே ஒரு பைப் விட்டாலும் மொத்த பிரேக்கும் காலி. 1968 முதல் தங்கள் நாட்டில் விற்கும் புதுக் கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும், ஒன்று பழுதானால் டிரைவருக்கு விளக்கு எரிந்து தெரிய வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது. டி.ஆர்.6-ல் முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என இரண்டு லைன்கள்.

வால்வுக்குள் நடப்பது தராசு வேலைதான். நடுவில் சின்ன பிஸ்டன். அதன் ஒரு பக்கம் முன்லைனின் அழுத்தம், மறுபக்கம் பின்லைனின் அழுத்தம். இரண்டும் சமமாக இருக்கும்வரை பிஸ்டன் நடுவிலேயே நிற்கும். ஒரு பக்கம் அழுத்தம் விழுந்தால் பிஸ்டன் அந்தப் பக்கம் ஓடும். மேலே திருகியிருக்கும் சுவிட்சின் முள், பிஸ்டன் நடுவில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் நகர்ந்ததும் முள் மேலே தள்ளப்பட்டு, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்.

பிஸ்டனின் இருபுறமும் உள்ள ரப்பர் சீல்கள்தான் இதன் உயிர். வயதாகி அவை தேய்ந்தால், பிரேக் ஆயில் சுவிட்ச் வழியாகக் கசிந்து வயரில் இறங்கும். மாஸ்டர் சிலிண்டரை விட்டால் இரண்டு லைன்களும் சந்திக்கும் இடம் இதுதான். இரண்டு சீலும் போனால், இரண்டு லைனின் ஆயிலும் ஒரே ஓட்டை வழியாக வெளியேறும். எதற்காக லைனைப் பிரித்தார்களோ, அந்த நோக்கமே வீண்!

கசிவாவது கண்ணுக்குத் தெரியும். அதைவிட மோசம், பிஸ்டன் துருவும் கசடும் பிடித்து இறுகிவிடுவது. அப்போது பாதி பிரேக் போனாலும் விளக்கு எரியாது. தொல்லை வேண்டாம் என்று சிலர் வால்வையே கழற்றிவிட்டுப் பைப்களை நேராக இணைத்துவிடுகிறார்கள். கார் ஓடும்தான். ஆனால், பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும்போதுதான் டிரைவருக்கு விஷயம் தெரியும். அதற்குள் முன்னால் நிற்கும் லாரி நெருங்கியிருக்கும்.

சரி, வால்வை எப்படிப் புதுப்பிப்பது?

முதலில் சுவிட்ச், பிறகு பைப்கள், கடைசியாக வால்வின் முனையில் உள்ள திருகு. சுவிட்சைக் கழற்றாமல் பிஸ்டனைத் தள்ளினால் முள் உடைந்துவிடும். அவசரப்படுபவர்கள் தவறுவது இங்கேதான். பல வருடம் அசையாத பிஸ்டன் லேசில் வராது. வால்வைத் துணியில் சுற்றிக்கொண்டு, கால் பம்பால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று அடித்தால் வெளியே வரும். கம்ப்ரஸரை முழு வேகத்தில் திறந்தால் அது தோட்டா மாதிரி பாயும்.

உட்சுவரை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பளபளவென்று இருந்தால் அதிர்ஷ்டம். அரித்துக் குழி விழுந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. வால்வையே மாற்ற வேண்டியதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று நினைப்பது வம்பு.

சீல் விலை சொற்பம்தான். ஆனால், அளவு சரியாக இருக்கிறதே என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண நைட்ரைல் ஓ-ரிங்கைப் போடக் கூடாது. வழக்கமான பிரேக் ஆயிலில் அது ஊறி உப்பிவிடும். ஈ.பி.டி.எம் என்ற வகை ரப்பர்தான் தாங்கும். பெட்ரோலோ கிரீஸோ படக் கூடாது. புது பிரேக் ஆயிலையே தடவி உள்ளே நுழைக்க வேண்டும். முனைத் திருகுக்குப் புது செப்பு வாஷர் அவசியம். சுவிட்ச் பிளாஸ்டிக் என்பதால் கையால் திருகி, ஸ்பேனரால் லேசாக இறுக்கினால் போதும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மாட்டியதும் லைனில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். அப்போது சிவப்பு விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். ஒரு பக்கம் திறந்திருந்ததால் பிஸ்டன் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் அது தானாக நடுவுக்குத் திரும்பாது. இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, எதிர்ப்பக்க லைனின் பிளீடர் ஸ்க்ரூவைத் திறந்து, ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த வேண்டும். விளக்கு அணைந்த நொடியில் காலை அப்படியே நிறுத்தி, ஸ்க்ரூவை மூட வேண்டும். கொஞ்சம் ஓங்கி மிதித்தாலும் பிஸ்டன் மறுபக்கம் ஓடிவிடும். திரும்ப முதலிலிருந்து! வீட்டில் பொறுமையான ஒருவரைப் பெடலில் உட்கார வைப்பது நல்லது.

இன்றைய கார்களில் இந்தப் பித்தளைக் கட்டி இல்லை. பிரேக் ஆயில் டப்பாவில் மிதவை வைத்து, அளவு குறைந்தால் விளக்கை எரியவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், முதல் வேலையாக ஓரமாக நிறுத்தி ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

டி.ஆர்.6 கராஜில் இன்னும் ஒரு வேலை பாக்கி. பெடலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு மூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வால்வுக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை அது காய்ந்தே இருந்தால், முதலில் வீட்டு வாசல் வரை மட்டும், மெதுவாக ஒரு ஓட்டம்.